மிதமான குளிர்காலம்

பரவை மார்க்கெட்டில் மத்தியானத்துக்கு மேல் யாருக்கும் பேச்சு வராது. லாரிகள் போயிருக்கும். நசுங்கிப்போன முட்டைகோஸ் வெயிலில் வேகும் வாடை மட்டும் மிச்சமிருக்கும். நான் பில் போடும் காய்கறி மண்டிக்குத் தகரக் கூரை. அதன் அடியில் உட்கார்ந்து தயிர்ச்சோற்று டப்பாவைத் திறக்கையில் போன் ஒரு சத்தம் போட்டது. பின்லாந்தின் கடற்கரைப் பகுதிக்கு வரப்போகும் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று ஒரு முன்னறிவிப்பு. வழக்கத்தைவிட மிதமாக இருக்குமாம். பனி குறைவாம், மழை கூடுதலாம். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் படித்தேன். அப்புறம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மதுரைக்காரிக்கு எதற்குப் பின்லாந்துக் குளிர் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எங்கள் ஊர் வெயிலைத் தெரிந்துகொள்ள போன் வேண்டாம், வாசலுக்கு வந்தால் போதும். அதனால் என் போனில் மதுரையே கிடையாது. இருப்பது அந்தத் துறைமுக ஊர் ஒன்றுதான். என் தம்பி சரவணன் வேலைக்குப் போன ஊர். அவன் விமானம் ஏறிய அன்று போனில் போட்டு வைத்தேன். எப்படி எடுப்பது என்று தெரியாமல் இல்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவன் கிளம்பும்போது வீடு முழுக்க அந்துருண்டை வாடை. சாலையோரத்தில் திபெத்துக்காரர்கள் போடும் கடையில் அம்மா மூன்று ஸ்வெட்டர் வாங்கி, பூச்சி அரித்துவிடக் கூடாதென்று மடிப்புக்கு ஒன்றாக உருண்டை போட்டு வைத்திருந்தாள். கூடவே ஒரு பழுப்பு நிற மங்கி கேப். கொடைக்கானலுக்கு டூர் போகிறவர்கள் மாட்டுவார்களே, அது. பூச்சிகூட உயிரோடு இருக்க முடியாத ஊருக்குத்தான் போகிறான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. கூடப் போனவன் அடுத்த வீட்டுக் கோபி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவன், தெருவில் எங்களையெல்லாம் மிஞ்சும் மதுரைத் தமிழ். இரண்டு பேருக்கும் ஒரே ஓட்டல் சமையலறையில் வேலை. ஓட்டல் துறைமுகத்தில் இருந்தது, தங்கும் அறை சின்னதொரு விரிகுடாவுக்கு அந்தப் பக்கம்.

முதல் வருஷம் நவம்பரில் சரவணன் போனில் சொன்னான்: "அம்மா, இங்க பனி பெய்யுது."

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தலையில துண்டக் கட்டிக்கிட்டு வெளிய போடா. நீர் கோத்துக்கும்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கோபியும் சேர்ந்து சிரித்தது கேட்டது. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் கோலப்பொடியை ஈரமாக்குவது. அதற்கு ஒரு துண்டு போதும். முழங்கால் வரைக்கும் வெள்ளையாகக் குவிந்து கிடப்பதற்கும் அதே பெயரை வைத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து நான் வீட்டின் வானிலை நிலையம் ஆனேன். காலையில் காபி டம்ளரோடு வந்து அம்மா கேட்பாள்: "அங்க எம்புட்டு?"

"மைனஸ் பதினெட்டும்மா."

"மைனஸ்னா என்னடி, ஒண்ணுமில்லாததுக்கும் கீழயா?"

"ஆமா."

"ஒண்ணுமில்லாததுக்குக் கீழ என்னடி இருக்கும்?" என்று முணுமுணுத்தபடியே போவாள். மைனஸ் ஐந்து என்றால் அன்றைக்கு வீட்டில் நல்ல குழம்பு. மைனஸ் இருபதைத் தாண்டினால் உப்பு கூடும், குறையும். நான் ஒன்றிரண்டு டிகிரி கூட்டிச் சொல்லிச் சமாளித்த நாட்களும் உண்டு.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு வீடியோ கால் வந்தது. கண் கூசும் வெள்ளை வெளி. நடுவில் மங்கி கேப்போடு இவன்.

"அம்மா, நான் எங்க நிக்கிறேன் சொல்லு பாப்போம்."

"ஏதோ மைதானம்."

"கடல்மா. கடல் மேல நிக்கிறேன். ரூமுக்கு இது மேலதான் நடந்து போறோம். ரோட்ல போனா சுத்து."

பின்னால் ஒரு கார் அந்தக் கடலின் மேல் ஓடியது. நான் பயந்தேன். அம்மா பயப்படவில்லை. "தெப்பக்குளத்துக்குள்ள வெளாண்ட பயதான நீ," என்றாள்.

அதுதான் விஷயம். எங்கள் வீடு வண்டியூர் தெப்பக்குளத்தை ஒட்டிய தெரு. நாங்கள் வளர்ந்த காலத்தில் அந்தக் குளத்தில் தண்ணீர் கிடையாது. இருக்கும் வருஷம் அதிசயம். மைய மண்டபத்தைச் சுற்றிலும் புழுதித் தரை, அதில் ஒரே நேரத்தில் எத்தனையோ கிரிக்கெட் ஆட்டம், ஒரு ஆட்டத்தின் பந்து இன்னொரு ஆட்டத்தில் கேட்சாகும். சரவணன் படி இறங்கிப் போய்விட்டால் இருட்டின பிறகுதான் ஏறி வருவான், தலைமுடியெல்லாம் செம்மண் வாடையோடு. வைகையும் அப்படித்தான். ஆற்றைக் கடக்கப் பாலம் எதற்கு, நடுவில் இறங்கி நடந்தால் ஆயிற்று. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் நடந்து பழகியவர்கள் நாங்கள். எங்கள் தெருவில் நீச்சல் தெரிந்த பையன் ஒருவனும் இல்லை.

அவன் அங்கே இருக்கும்போதுதான் இங்கே குளத்துக்குத் தண்ணீர் வந்து நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். "அய்யய்யோ, நம்ம பிட்ச்?" என்றான். "மீன் வெளாடுது," என்றாள் அம்மா.

இரண்டாவது குளிர்காலத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு அறிவிப்பு வந்தது. அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வழக்கத்தைவிட மிதமான குளிர்காலம். பனி குறைவு. கடல் உறைவது தாமதமாகலாம். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். குளிர் குறைந்தால் பிள்ளைக்கு நல்லது. அதில் வேறு என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். வெயிலைத் தவிர வேறு எதற்கும் பயப்படத் தெரியாதவர்களுக்கு மிதம் என்ற சொல்லே ஒரு வரம்.

அவனும் சந்தோஷமாகத்தான் இருந்தான். "இந்த வருஷம் கொடைக்கானல் மாதிரி இருக்குக்கா. ஸ்வெட்டர் ஒண்ணு போதும்." காலையில் நான் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் தெளிந்தது. சில நாள் மைனஸே இல்லை.

பொங்கல் முடிந்த வாரம். சாயங்காலம் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். கோபி கூப்பிட்டான்.

"அக்கா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல, கோயிலுக்குப் போயிருக்கா. சொல்லு."

நிஜமாகவே அவள் பக்கத்தில் இல்லையா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான். மத்தியான வேலை முடிந்து கிளம்பியிருக்கிறார்கள். கடல் மேல் வெள்ளையாகத்தான் இருந்திருக்கிறது. "ரோட்ல சுத்திப் போலாம்னுதான்க்கா சொன்னேன். போன வருஷம் இதுலதான நடந்தோம், வா மாப்ளன்னு இறங்கிட்டான். நான் கரையில நின்னு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன். நிமிந்து பாத்தா ஆளக் காணோம்க்கா."

கார் ஓடிய கடல் அந்த வருஷம் ஒரு ஆளைத் தாங்கவில்லை. மிதமான குளிர்காலம் என்றால் அதற்கு அதுதான் அர்த்தம் என்று அங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். பிறகு கோபி சொன்னான்.

சரவணன் வந்து சேரும்போது மாசி வெயில் ஆரம்பித்திருந்தது. பெட்டியைத் திறந்து கூடத்தில் வைத்தார்கள். அம்மா அழவில்லை. கன்னத்தைத் தொட்டாள், கையை எடுத்தாள், மறுபடி தொட்டாள். சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்து, தண்ணீர் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "இம்புட்டுக் குளிந்து போயிருக்கானே. கொஞ்ச நேரம் வெயில்ல வைங்கப்பா."

அவளை யாரும் மறுத்துப் பேசவில்லை. வாசலில், பந்தலுக்கு வெளியே, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தார்கள்.

அதன் பிறகு வீட்டில் 'அங்க எம்புட்டு' என்ற கேள்வி நின்றுபோனது. காலையில் அம்மா காபி டம்ளரோடு வருவாள், என் போனைப் பார்ப்பாள், போய்விடுவாள். கோபி திரும்பி வந்து திருமங்கலத்தில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான். எங்கள் தெரு வழியாக வருவதில்லை. ஸ்வெட்டர்கள் பீரோவில் இருக்கின்றன. அந்துருண்டைகள் கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டன, வாடைகூட இல்லை.

இன்று மண்டியிலிருந்து திரும்பி, சாயங்காலம் அம்மாவைத் தெப்பக்குளக்கரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். போனில் வந்ததை அவளிடம் சொல்லவில்லை. குளம் படிகளுக்கு மேல் நிறைந்து கிடந்தது. சுற்றிலும் நல்ல கூட்டம். குழந்தைகள் பஞ்சுமிட்டாய் தின்றன, மைய மண்டபத்தைச் சுற்றிப் படகு போய்க்கொண்டிருந்தது. இதன் அடியில் ஒரு மைதானம் இருந்தது என்று சொன்னால் அந்தக் குழந்தைகள் நம்பாது. எத்தனையோ பையன்களின் சாயங்காலமெல்லாம் அதற்குள் கிடக்கிறது.

இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடக்கும் அம்மா, இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குள்ளதான வெளாண்டான்?"

"ஆமாம்மா."

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வெகுநாளாக நான் கேட்காத அந்தக் காபி டம்ளர் நேரத்துக் குரலில் கேட்டாள்.

"இங்க எம்புட்டு இருக்கும்?"

நான் போனைக் கையில் வைத்திருந்தேன். அது அந்தக் கடற்கரையின் குளிரைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"தெரியலம்மா," என்றேன்.