சுபநேரம் வரும்வரை விற்காத மருந்து

கண்டி நகரில் வியாபாரம் படுத்துப்போயிருந்த அந்த மருந்துக்கடைக் கிளை, புதுப் பெயரும் நீல நிறமும் கண்ணாடிச் சுவருமாக மறுபடி திறந்த காலையில், பாடசாலைக்குப் போகும் வழியில் என் மகளுக்கு ஆஸ்துமா இழுப்பு வந்தது. கையிலிருந்த இன்ஹேலர் பம்ப் தீர்ந்திருந்தது. அவளை ஓட்டோவில் இருத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

என்னை நன்றாகத் தெரிந்த பழைய காசாளர் பெண்தான் நின்றாள்.

"சுபநேரம் இன்னும் வரலக்கா. அதுக்கு முந்தி எதையும் விக்க வேணாம்னு கொழும்பு ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"புள்ள மூச்செடுக்க முடியாம இருக்கும்மா. பம்ப் ஒனக்குப் பின்னாலதானே இருக்கு!"

அவள் மேலாளரைப் பார்த்தாள். குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த அவர் நிமிரவேயில்லை.

"மொத வியாபாரமே நோய்க்கா? கொஞ்சம் பொறுங்க. ஷாம்பு வாங்க ஒருத்தர நிப்பாட்டியிருக்கோம். அவருக்குப் பொறகு ஒங்களுக்குத்தான்."

மருந்துக்கடைக்கு நோயாளி ஆகாதாம்.

வாசலில் பட்டாசுச் சரத்தை விரிக்கத் தொடங்கினார்கள். அந்தப் புகையை நினைத்ததும் மகளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே நெபுலைசர் வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீரானது.

கடை இப்போது நன்றாக ஓடுகிறதாம். என் மகளும் பிழைத்துக்கொண்டாள், அவர்கள் தயவில் அல்ல.