கெளுத்தி முள் குத்திய காலை

இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. வேலூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த எனக்கு, ஆனேக்கல் பக்கத்து ஏரி ஒன்றில் தூண்டில் போடுவதுதான் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம். மதகை ஒட்டிய சேற்றில் கெளுத்தி நிறைய மேயும். மண்புழுவைக் கோத்து, தரையைத் தொடும்படி விட்டால் போதும்.

அன்று அதே இடத்துக்கு ஒரு பெண் துணி துவைக்க வந்தார். மீன் ஓடிவிடுமே என்ற எரிச்சலில், "வேற இடமே கிடைக்கலையா?" என்று கத்தினேன். அவர் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்.

சற்று நேரத்தில் பெரிய கெளுத்தி ஒன்று சிக்கியது. அவசரத்தில் அதை இறுக்கிப் பிடித்தேன். அதன் பக்கவாட்டு முள் உள்ளங்கையில் ஏறியது. வலி தோள்வரை பாய, அலறிக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓடி வந்தவர் அந்தப் பெண்தான். எதிரே இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போய் வெந்நீர் வைத்தார். முதலில் தன் கையை விட்டுச் சூடு பார்த்தார். பிறகுதான் என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார்.

"சூடு தாங்குதா அண்ணா? கொஞ்ச நேரம் எடுக்காதீங்க, வலி இறங்கிடும். அப்பறமா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க."

"அக்கா, அப்போ உங்க மேல கத்திட்டேன்..."

"அத வுடுங்க. இன்னொரு வாட்டி முள்ளுக்குப் பின்னாடி வெரலைக் குடுத்துப் புடிங்க."

வலி குறையக் குறைய எனக்கு வெட்கம்தான் கூடியது. இப்போதும் அந்த ஏரிக்குப் போகிறேன். யாராவது துவைக்க வந்தால் நானே எழுந்து இடம் விடுகிறேன். அன்று அவரிடம் மன்னிப்பை முழுதாகக் கேட்டு முடிக்காமல் வந்தது மட்டும் இன்னும் உறுத்துகிறது.