‘கூடும்’ என்பதை விழுங்காதவர்

தவமணி அக்கா இறந்த செய்தி எங்கள் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. படித்து மனம் ஆறுமுன்னே எங்கள் பாடசாலை அதிபரின் இரங்கல் வந்து விழுந்தது. தாமரைப் பூ, எரியும் விளக்கு, “வாசிப்பின் பேரொளி அணைந்தது.” அந்த ஒளியை ஊதி அணைத்த வாய் எது என்று அக்காவோடு படிப்பித்த உங்களுக்கும் தெரியும்.

அக்கா விஞ்ஞான ஆசிரியை. செங்கலடியில் பஸ் ஏறும்போது பத்திரிகை வாங்கினால், இறங்குமுன் அதில் ஒரு விஞ்ஞானச் செய்தியைத் தெரிந்தெடுத்து வைத்திருப்பார். தரம் ஒன்பதுப் பிள்ளைகள் அதை வாசித்து, யார் சொன்னது, என்ன கண்டார்கள், எது இன்னும் தெரியாது என்று சொந்த வசனத்தில் சொல்லவேண்டும். “தலைப்பு, சந்தையில கூவுறவன் மாதிரி கா. அந்தச் சத்தத்த நம்பாம உள்ள போய் வினைச்சொல்லப் பாக்கணும்,” என்பார். ‘கூடும்’ என்று வசனம் முடிகிற இடத்திலெல்லாம் பிள்ளைகள் சிவப்புக் கோடு போடுவார்கள்.

ஒருமுறை எங்கள் வாவியில் மீன்கள் செத்து மிதந்தன. நீரில் ஒட்சிசன் குறைந்ததால் மீன்கள் இறந்திருக்கக்கூடும் என்று பத்திரிகை எழுதியிருந்தது. அதிபர் அதைக் காலைக் கூட்டத்தில் தூக்கிப் பிடித்தார். “வாவியில நஞ்சு கலந்திரிக்கி. பேப்பர்லயே போட்டிருக்காங்க. ஒருத்தரும் மீன் தின்னப்படாது!” எதிரே நின்றவர்களில் பாதிப்பேர் தோணிக்காரரின் பிள்ளைகள். அக்காவின் தரம் ஒன்பது மாணவி சொர்ணா கையை உயர்த்தினாள்.

“சேர், நஞ்சு எண்டு அதில இல்ல. ஒட்சிசன் குறைஞ்சு செத்திருக்கக்கூடும் எண்டுதான் இரிக்கி.”

ஒரு பிள்ளை இவ்வளவு சரியாக வாசித்ததே என்று மகிழவேண்டிய மனிதர், அன்றைக்கே அந்த வாசிப்புப் பாடவேளையைப் பறித்துப் பழைய வினாத்தாள் செய்யக் கொடுத்துவிட்டார். “சோதனைக்கு வராததுக்கு ஏன் நேரம்?” ஆசிரியர் அறையில் சிலர், பிள்ளைகளுக்கு வாய் கூடிப்போயிற்று என்று ஒத்து ஊதினார்கள். தூ! அக்கா எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். “நாலு வரிய ஒழுங்கா வாசிக்கத் தெரியாத மனிசன், வாசிக்கத் தெரிஞ்ச புள்ளைக்குப் பயப்பிடுறார் கா.” அந்தப் பாடவேளையைத் திருப்பித் தரும்படி ஒவ்வொரு தவணையும் போய்க் கேட்டார். சாகும்வரை கிடைக்கவில்லை.

செத்தவீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்ததும் அதே அதிபர்தான். “அன்னாரின் கனவான அறிவியல் வாசிப்பு வகுப்பு எமது பாடசாலையில் தொடரும்!” குரல் வேறு தழுதழுத்தது. என்ன அருவருப்பான நடிப்பு! பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற சொர்ணா என் காதருகே குனிந்தாள்.

“ரீச்சர், ‘தொடரக்கூடும்’ எண்டு திருத்தணும்.”

பிரேதத்துக்கு முன்னால் நின்று சிரித்துவிட்டேன். அக்கா இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சிவப்புக் கோட்டைத்தான். திங்கட்கிழமை என் தமிழ்ப் பாடத்தில் பத்திரிகையை விரித்தேன். அதிபர் வாசலில் வந்து நின்று முறைத்தார். நான் நிறுத்தவில்லை.

அக்கா, வகுப்பு தொடர்கிறது. இந்த வசனத்தில் கோடு போட ஒன்றுமில்லை.