ஏழெட்டு எவ்வளவு

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஒரு பிள்ளைக்கு வாய்ப்பாடு வரவில்லை என்றால் மலர்க்கொடி வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். பிளஸ் டூ வரை படித்தவள். புருஷன் பட்டறையில் ஃபிட்டர். பதினோரு வருஷமாகச் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கூடத்தில் பாயை விரித்துவிடுவாள். பொல்லாத கோபக்காரி. ஆனால் அவளிடம் படித்த பிள்ளை பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்திலும் சொல்லும்.

ஒரு காலத்தில் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. தப்பாகச் சொன்ன பிள்ளை கொல்லைப்புறம் போய், சுவரைப் பார்த்து நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மலர்க்கொடி தன் வாயால் "உட்காரு" என்றால்தான் உள்ளே வந்து உட்காரலாம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அப்படி நின்றவள் லிசி. மூன்றாம் வகுப்பு. ஏழெட்டு ஐம்பத்து நாலு என்றே சாதித்தாள். அன்றைக்குத் திடீரென்று மழை. மாடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடிய மலர்க்கொடி, மற்ற பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டிவிட்டு லிசியை அடியோடு மறந்துபோனாள். விளக்கேற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. நனைந்து நடுங்கிக்கொண்டு அந்தப் பெண் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. "ஐயோ, வீட்டுக்குப் போடி" என்று துண்டைப் போர்த்தி அனுப்பினாள். ஆறாம் நாள் காய்ச்சலில் லிசி போய்விட்டாள். டெங்கு என்றார் டாக்டர். யாரும் மலர்க்கொடியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றோடு சட்டத்தைக் கைவிட்டாள்.

இந்த வியாழக்கிழமை பாயில் ஐந்து பிள்ளைகள். மறுநாள் காலை பள்ளியில் வாய்ப்பாட்டுத் தேர்வு. போன தடவை தவறிய ஷெர்லின் இந்தத் தடவையும் தவறினால் ஹாஸ்டல்தான் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

"ஏழெட்டு?"

"அம்பத்தி நாலு!"

ஐந்து பேரும் ஒரே குரலில். லிசி சொன்ன அதே கணக்கு. நேற்றுவரை சரியாகச் சொன்ன பிள்ளைகள்! திருத்தினாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதே.

"யாருடி சொல்லிக்குடுத்தது?"

பிள்ளைகள் கொல்லைக் கதவையே பார்த்தார்கள். அவளுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். மூன்று வருஷம் சொல்லாத வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

"ஷெர்லின், எந்திரி. கொல்லையில போய் நில்லு."

ஷெர்லின் எழுந்தாள். நகரவில்லை.

"அங்க ஏற்கெனவே ஒரு அக்கா நிக்கிறாங்க மிஸ். அவங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க. எங்களுக்கும் அதுதான் வாயில வருது."

மலர்க்கொடி எழுந்து ஓடினாள். கொல்லைக் கதவைத் திறந்தாள். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. மழை பெய்து பத்து நாளாகிறது. சுவரோரம் சிமெண்ட் தரையில், இரண்டு சின்னக் கால்கள் நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரம். அதற்கு மேலே, நடுங்குகிற ஒரு முணுமுணுப்பு. "ஏழெட்டு அம்பத்தி நாலு... ஏழெட்டு அம்பத்தி நாலு..."

திருத்தத்தான் வாய் துறுதுறுத்தது. பழக்கம் விடுமா? விழுங்கிக்கொண்டாள்.

"போதும்டி தங்கம். தப்பா இருந்தா இருக்கட்டும். மிஸ் உன்னை மறந்துட்டேன்டி. என்மேலதான் தப்பு. உள்ள வந்து உட்காரு."

முணுமுணுப்பு நின்றது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ஏழெட்டு?"

"அம்பத்தாறு!" முதலில் கேட்டது ஷெர்லின் குரல்தான்.

பிள்ளைகள் பாயில் ஒரு பக்கமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஷெர்லினுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் பாய் நனைந்திருந்தது.