பஸ் திரும்பும் இடம்

சிவகாசியில் காலண்டருக்குப் பஞ்சமில்லை. காலை டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் இருக்கும் கிராம நர்ஸ், போன வருஷக் காலண்டரின் பின்பக்கத்தில் தான் வரைந்த வரைபடத்தை மடியில் விரித்து ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார். பதினெட்டு வயதுக்கு முன்பே கர்ப்பமான பிள்ளைகளுக்குச் சிவப்பு, எச்.ஐ.வி. வந்தவர்கள் இருக்கும் ஊருக்கு நீலம் என்று என் காதில் மட்டும் சொல்கிறார். நீலமெல்லாம் லோடு லாரிகள் நிற்கும் பெரிய ரோட்டோரமாகவே போகிறது. ஊர்ப் பெயர் ஒன்றுகூட எழுதவில்லை. அதனால் யாருக்கும் புரியாதாம்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் குனிந்து பார்க்கிறார்.

"இது நம்ம ரூட்டாச்சே! தெனம் நாலு ட்ரிப்பு போறேன், எனக்குத் தெரியாதாக்கும்?"

நர்ஸ் அவசரமாக நீலத்தை உள்ளங்கையால் மூடுகிறார். கண்டக்டர் விடுவதாக இல்லை.

"சிவப்பு பூராவும் பஸ் திரும்புற எடத்துக்கு அங்கிட்டே இருக்கே, அது என்ன நர்ஸம்மா?"

நர்ஸ் தாளை உற்றுப் பார்க்கிறார். இதை அவரே இப்போதுதான் கவனிக்கிறார்.

"அம்புட்டுத் தூரம் நடந்து வந்து பஸ்ஸ விட்டுட்டு, பள்ளிக்கூடத்த விட்டுட்டு வீட்டோட இருக்குற பிள்ளைகதாண்ணே. சட்டுன்னு கட்டிக் குடுத்துர்றாக. மறுவருசமே மாசமாயிருதுக."

கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு டிக்கெட் கிழிக்கப் போகிறார்.

கடைசி நிறுத்தத்தில் நாங்கள் இறங்குகிறோம். பஸ் திரும்பி நிற்கிறது. தூரத்தில், கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில், ஒரு பிள்ளை புத்தகப் பையோடு ஓடிவருகிறாள். டிரைவர் பொறுமையில்லாமல் ஹாரன் அடிக்கிறார்.

கண்டக்டர் வாயிலிருந்த விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.