சாந்து காய முன்னம்

ஓஸ்லோ நகரின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் நாங்கள் வாங்கிய வரிசை வீட்டின் பின்வளவில், வேலியோரமாக ஒரு செங்கல் பாபிகியூ அடுப்பு நின்றது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் எப்போதோ கட்டியது. நெஞ்சளவு உயரம், பின்னால் ஒரு குட்டையான புகைபோக்கி. நாங்கள் குடிவந்தபோதே அது ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. கற்களுக்கு இடையில் இருந்த சாந்தை நகத்தால் கிள்ளி எடுக்கலாம். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, பனிக்காலத்தில் உறைந்து பருத்து, ஒவ்வொரு கல்லாகத் தள்ளி வைத்திருந்தது. கரி போடும் இடத்தில் ஒரு பேர்ச் மரக்கன்று முளைத்து என் இடுப்பளவுக்கு வந்துவிட்டது.

என் கணவர் அதைப் பார்க்கும்போதெல்லாம், "உதை இடிச்சுப் போடவேணும்" என்பார். சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். இடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. கோடையில் காரின் பனிக்கால டயர்களையும் பனிக்காலத்தில் கோடை டயர்களையும் அதன்மேல் அடுக்கி வைத்திருந்தார். வருடக்கணக்காக எங்கள் அடுப்பு செய்த வேலை அது ஒன்றுதான்.

அவர் பேருந்து ஓட்டுகிறார், நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் குசினிக்கும் வரவேற்பறைக்கும் இடையில் சுவர் கிடையாது. மீன் பொரித்தால் அந்த மணம் சோபாவிலும் குளிர் ஜாக்கெட்டுகளிலும் ஏறி இருந்துவிடும். அடுத்த நாள் ரயிலில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைத் தடவினால், என்னால்தானோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். வெளியே நெருப்பு மூட்டிச் சமைக்க ஓரிடம் வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. எங்கள் ஒரே மகள் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போன பிறகு கையில் கொஞ்சம் நேரமும் வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன்.

"இந்த வெயிலுக்கு நான் அந்த அடுப்பைத் திருத்தப் போறன்."

"நீரோ?" என்று சிரித்தார் அவர். "அது மேசன் வேலையப்பா. திராமனிலை இருக்கிறவனுக்கு ஆரோ ஒரு ஆளைத் தெரியும். கேட்டுப் பாப்பம்."

திராமன் நகரில் இருக்கிறவர் என்றால் அவருடைய சிநேகிதர். இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து பழக்கம், இவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவார். 'கேட்டுப் பாப்பம்' என்றால் எங்கள் வீட்டில் அந்த வேலை செத்துப் போயிற்று என்று அர்த்தம். அதனால் நான் காத்திருக்கவில்லை. கட்டடச் சாமான் கடைக்குப் போகவேண்டும், சீமெந்து மூட்டை பாரம், காரை எடுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கடையில்தான் எனக்கு முதல் கோபம் வந்தது. விற்பனையில் நின்ற பெடியனிடம் நொர்வேஜிய மொழியில் நான் கேட்டேன்: நெருப்புப் படும் உட்பக்கத்துக்கு எந்தக் கல், அதற்கு எந்தச் சாந்து, வெளிப்பக்கத்துக்கு எது. அவன் நல்ல பிள்ளைதான், விளக்கமாகச் சொன்னான். ஆனால் சொன்னது முழுவதையும் என் கணவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். இவர் எல்லாம் விளங்கியவர் போலத் தலையாட்டினார். நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். அதற்கும் பதில் இவருக்குத்தான் போனது. மூன்றாவது கேள்விக்கு நான் போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். அப்போதும் அவன் என் தலைக்கு மேலால் இவரைப் பார்த்து, "கட்டி முடித்ததும் உடனே நெருப்பு வைக்கக் கூடாது. ஒரு மாதமாவது காய விடுங்கள். பிறகும் முதலில் சின்ன நெருப்புத்தான்" என்றான்.

"யா, யா" என்றார் என் கணவர்.

நான் வேலை முடிந்து வரும் மாலைகளில் அடுப்போடு நின்றேன். ஓஸ்லோவில் அந்த நாட்களில் சூரியன் இறங்க மனமில்லாமல் நிற்கும், அதனால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. யூரியூப்பில் பார்த்துப் பழகி, மேலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்றினேன். ஒட்டியிருந்த பழைய சாந்தை உளியால் கொத்தி, கம்பி பிரஷால் தேய்த்து, நல்ல கல்லை ஒரு பக்கமும் உடைந்ததை இன்னொரு பக்கமும் அடுக்கினேன். பேர்ச் கன்றின் வேர் அடித்தளம் வரைக்கும் போயிருந்தது. அதை இழுத்து எடுத்த அன்று முதுகை நிமிர்த்த முடியவில்லை. அடித்தளக் கொங்கிரீட் மட்டும் அசையாமல் கிடந்தது. அதன்மேல் நான் வைத்த முதல் வரிசை வளைந்து போய்விட்டது. இடித்துவிட்டு மறுபடி வைத்தேன். உட்பக்கம் முழுவதும் சூடு தாங்கும் புதுக் கல். அடுப்பு வாய்க்கு மேல் குறுக்கே கிடந்த இரும்பு துருவேறி உதிர்ந்திருந்தது, அதை எடுத்துப் புதிது போட்டேன். சீமெந்து பட்டு என் விரல் நுனிகள் வெடித்து, வேலையிடத்தில் எலுமிச்சம்பழம் வெட்டும்போது எரிந்தது.

என் கணவர் சில மாலைகளில் தேநீர்க் கோப்பையோடு பின்வாசலில் வந்து நிற்பார்.

"வலப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சிருக்கு."

நான் நீர்மட்டக் கருவியை எடுத்து வைத்துக் காட்டினேன். குமிழி நட்ட நடுவில் நின்றது.

"உது மலிவுச் சாமான்" என்றார். அந்தக் கருவியைத்தான் சொன்னார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையை என் கற்களின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

கட்டி முடித்த அன்று தறப்பாளால் மூடிக் கயிறு கட்டினேன். அவருக்கு இன்னொரு தடவை தெளிவாகச் சொன்னேன். "ஒரு மாசம் இதிலை நெருப்பு வைக்கக் கூடாது. சாந்துக்குள்ளை தண்ணி இருக்கு. அது மெல்ல மெல்லத்தான் வெளியிலை போகவேணும். ஒரேயடியாச் சூடாக்கினால் ஆவியாகி வெடிக்கும்."

"ஓம், ஓம்" என்றார், கைபேசியைப் பார்த்தபடி.

ஒரு கிழமை போயிருக்கும். சனிக்கிழமை, எனக்குப் பகல் வேலை. வேலை முடிந்து ரயிலால் இறங்கி நடந்து வருகிறேன், எங்கள் வரிசைக்குள் திரும்பவே மிளகாய்த்தூள் பிரட்டிய கோழி கருகும் மணம். வேறு யாரோ தமிழர் வீட்டில் என்று நினைத்தேன். அந்த வரிசையில் வேறு தமிழர் இல்லை என்பது நாலு அடி நடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பின்வளவில் தறப்பாள் புல்லின்மேல் சுருண்டு கிடந்தது. என் அடுப்புக்குள் நெருப்பு புகைபோக்கியின் கழுத்து வரைக்கும் எழும்பி எரிந்தது. அதைச் சுற்றித் திராமன் சிநேகிதரும் இன்னும் இரண்டு பேரும் கையில் பியரோடு நின்றார்கள். அவர்களுடைய மனைவிமார் என் குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் கணவர், கையில் இடுக்கி, நெற்றியில் வியர்வை.

"அக்கா, அண்ணை கலக்கிப் போட்டார்!" என்றார் திராமன்காரர் என்னைக் கண்டதும். "என்ன நேர்த்தியாக் கட்டியிருக்கிறார் பாருங்கோ. அண்ணைக்கு மேசன் வேலை தெரியும் எண்டு இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொல்லவே இல்லை."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஒரு கோழிக்காலைத் திருப்பிப் போட்டார்.

"ஏதோ, எங்களாலை ஏலுமானது" என்றார்.

எங்களால். அந்தச் சொல்லை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. பொய் சொன்னதாகவும் பிடிக்க முடியாது, உண்மை சொன்னதாகவும் எடுக்க முடியாது. அவருக்கு வசதியான ஒரு மூலையில் நின்றுகொண்டு சொன்ன சொல். என் வெடித்த விரல்களும் பிடித்த முதுகும் அந்த 'எங்களால்' என்பதற்குள் எங்கேயோ கிடந்தன.

நான் வாயைத் திறக்க முன்னம் அடுப்பு 'டப்' என்றது. உட்கல் ஒன்றின் முகம் சிதறி ஒரு சில்லு பறந்து கோழித் தட்டுக்குள் விழுந்தது. எல்லாரும் பின்னால் பாய்ந்தார்கள். மறுபடியும் ஒரு 'டப்'. அடுப்பின் வாயில் தொடங்கிய ஒரு வெடிப்பு, நான் பார்த்துக்கொண்டிருக்கவே முன்சுவரால் ஏறிப் புகைபோக்கியின் அடி வரைக்கும் போனது.

பிறகு என் கணவர் பேசினார்.

"நான் அப்பவே சொன்னனான், ஒரு ஆளைப் பிடிச்சுச் செய்விப்பம் எண்டு. யூரியூப்பைப் பாத்துப் பொம்பிளையள் கட்டினால் உப்பிடித்தான்."

நான் கைப்பையைப் புல்லில் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு நேரமும் இதை ஆர் கட்டினது?"

அவர் இடுக்கியால் கரியைக் கிளறினார்.

"நல்லா நிக்கேக்கை உங்கடை. வெடிச்ச உடனை என்ரை. அப்பிடியோ?"

"ஆக்களுக்கு முன்னாலை என்ன கதை இது? உள்ளுக்குப் போம்."

"ஆக்களுக்கு முன்னாலைதானே பேர் வாங்கினனீங்கள். நானும் ஆக்களுக்கு முன்னாலைதான் கதைப்பன். கடையிலை அந்தப் பெடியன் உங்கடை முகத்தைப் பாத்துத்தானே சொன்னவன்? என்ன சொன்னவன்? சொல்லுங்கோ பாப்பம்."

அவருக்கு நினைவில்லை. அது அவருடைய முகத்தில் நன்றாகவே தெரிந்தது. கேள்வி கேட்ட எனக்குச் சொல்லாமல் இவருக்குச் சொன்ன பதில், இவரிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

"விடுங்கோ அக்கா" என்றார் திராமன்காரர், பியரைக் கீழே வைத்தபடி. "சின்ன வெடிப்புத்தானே. கொஞ்சம் சீமெந்து பூசிவிட்டால் சரி."

"பூசினால் சரிவராது தம்பி. முன்பக்கம் முழுக்கக் கழட்டவேணும். தெரியாட்டில் சும்மா நில்லுங்கோ."

நான் சவளை எடுத்து எரிந்த கரியை இரும்பு வாளிக்குள் அள்ளினேன். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் உதவிக்கும் வரவில்லை. பாதி வெந்த கோழியைக் கொண்டுபோய்க் குசினி மின்சார அவணுக்குள் வைத்தோம். அன்று எல்லாரும் வீட்டுக்குள் இருந்து, தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். குசினியில் கோப்பை கழுவும்போது திராமன்காரரின் மனைவி என் பக்கத்தில் வந்து மெல்லமாக, "நல்லாக் கேட்டியள் அக்கா" என்றா. வெளியே நின்றபோது அவ வாயே திறக்கவில்லை. அந்த இரகசியக் குரலும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு என் கணவர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். மகளுக்குத் தொலைபேசி எடுத்து, அம்மா ஆக்களுக்கு முன்னால் தன்னை மானங்கெடுத்திப் போட்டா என்று முறையிட்டிருக்கிறார். அவள் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நீங்கள் இனி அதைத் தொடாதேங்கோ. அப்பாவே திருத்தட்டும்" என்றாள்.

நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் கட்டினால் அது கோணலாகத்தான் நிற்கும், கோணல் அடுப்பை ஒவ்வொரு நாளும் குசினி யன்னலால் பார்க்கப் போவது நான். அதனால் ஒரு ஒழுங்குக்கு வந்தேன். முன்சுவரைக் கழற்றுவது, கற்களில் ஒட்டிய சாந்தைக் கொத்தித் துப்பரவாக்குவது, உடைந்ததை ஏற்றிப் போய்க் கொட்டுவது, எல்லாம் அவர். கட்டுவது நான். இதை நான் கேட்கவில்லை, சொன்னேன். அவர் "ஓம்" என்றும் சொல்லவில்லை. ஆனால் காலைப் பேருந்து ஓட்டி முடித்து வந்த ஒரு பின்னேரம், உளியும் சுத்தியலுமாக அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார்.

இரண்டாம் நாள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "எல்லாக் கல்லும் உடையுதே, இதை எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கேட்டார். எங்களுக்குள் முதல் கதை அதுதான். உளியைச் சரித்துப் பிடித்து, சாந்தில் மட்டும் தட்டக் காட்டினேன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே உளியோடு அதே இடத்தில் நான் குந்தியிருந்தபோது அவர் தேநீர் குடித்தவர்.

அவர் கொத்தி முடிக்க இலை பழுத்துவிட்டது. குளிரில் சாந்து பிடிக்காது. உறைந்தால் உதிர்ந்துவிடும். பாதி அடுப்பும் அடுக்கிய கல்லும் பனிக்காலம் முழுவதும் தறப்பாளுக்குள் கிடந்தன. ஒரு சனிக்கிழமைக் கோழிக்காக எங்களுக்கு ஒரு கோடை போனது. இந்த ஊரில் ஒரு கோடையை இழப்பது என்றால் என்ன என்று ஜனவரியில் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு வருகிறவர்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் பனிக்குள் மேடாகக் கிடந்த தறப்பாளைக் காணும்போதெல்லாம் எனக்கு மறுபடி மறுபடி எரிந்தது.

மே மாதத்தில் முன்சுவரைக் கட்டினேன். காய விட்டேன். பிறகு சுள்ளி போட்டுச் சின்ன நெருப்பு, அடுத்த நாள் கொஞ்சம் பெரிது, அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். கல்லின் முகத்தில் ஈரம் வேர்த்து வேர்த்துக் காய்ந்தது. வெடிக்கவில்லை. அவர் கதிரையைக் கொண்டுவந்து தள்ளிப் போட்டு இருந்து பார்த்தார். ஜூனில் மக்கரல் மீன் வாங்கி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பிரட்டி முதல் சமையல் சமைத்தேன். வீட்டுக்குள் ஒரு துளி மணம் வரவில்லை. அவர் மூன்று மீன் சாப்பிட்டார். "பிழை விட்டிட்டன்" என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை.

போன மாதம் திராமன்காரர் தொலைபேசி எடுத்தார். அவர்கள் வாங்கியிருக்கும் புது வீட்டு வளவிலும் பழைய செங்கல் அடுப்பு ஒன்று இடிந்து கிடக்கிறதாம், அண்ணை ஒருக்கா வந்து பார்க்கவேணுமாம். நான் பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது.

"எனக்கு உதிலை ஒண்டும் தெரியாது" என்றார் என் கணவர். "கட்டினது அவ. அவவிட்டைக் கேள்."

தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு அவர் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்கா, உங்களுக்கு நேரமிருந்தால்…" என்று இழுத்தார் திராமன்காரர்.

"முதல் அதை முழுக்கக் கழட்டுங்கோ தம்பி. ஒவ்வொரு கல்லிலையும் ஒட்டியிருக்கிற சாந்தைக் கொத்தித் துப்பரவாக்கி அடுக்குங்கோ. அதுக்குப் பிறகு என்னைக் கூப்பிடுங்கோ."

"கையுறை போடச் சொல்லும்" என்றார் என் கணவர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அதைச் சொல்லவில்லை. திராமன்காரரும் கை கொப்பளித்தே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.