சாந்தை மறந்த கணக்கு

"மதிலுக்கு எத்தனை கல் எடுக்க, ஐயா?" என்று மேசன் கேட்டதும் அப்பாவின் மதில் நினைவுக்கு வந்தது.

வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டுச் சிவலிங்கத்தாரின் முகத்தில் முழிக்காமலிருக்கவே அதைக் கட்டினார். கணக்கு வாத்தியார்தான், ஆனால் கற்களுக்கு நடுவே சாந்தும் இடம்பிடிக்கும் என்பதை மறந்துவிட்டார். அறுபது கல் மிஞ்சியது.

"என்ன மாஸ்டர், கணக்குப் பிழைச்சுப்போச்சோ?" அங்காலிருந்து சிரித்தார் சிவலிங்கத்தார்.

"பிழைக்கேல்லை. இன்னும் மூண்டு வரி உயர்த்தப்போறன்!"

"இஞ்சருங்கோ, குசினி இருண்டுபோகும்," என்றார் அம்மா. அப்பா கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா பட்டப்பகலிலும் லைற் போட்டுத்தான் சமைத்தார். சிவலிங்கத்தாரோ பின்னேரங்களில் மதில் நிழலில் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்தார்.

என் பக்கத்து வீட்டுக்காரனையும் எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. மேசனிடம் சொன்னேன்: "நாலடி போதும். அவன் வெயிலில் காயட்டும்."